படபடப்பு: ஈசிஜியா, ஹோல்டரா, வாட்சா?

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் சித்தப்பாவுக்கு, விடியுமுன் மரத்தடியில் நிற்கும்போதுதான் நெஞ்சு படபடக்கும். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். மூன்று முறை ஈசிஜி எடுத்தார்; மூன்றும் நார்மல். “ஒண்ணுமில்ல மக்களே” என்று எனக்கே தைரியம் சொன்னார்.

ஈசிஜியில் குறையில்லை. அது பதிவு செய்வது சுமார் 10 விநாடி. அந்த நேரத்தில் துடிப்பு சரியாக இருந்தால் தாளிலும் சரியாகத்தான் இருக்கும். படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈசிஜிக்கு ஈடு எதுவுமில்லை. அதனால் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடாமல், பக்கத்துக் கிளினிக்கில் உடனே எடுத்து, தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வந்து சட்டென்று அடங்குவதற்கு ஹோல்டர்தான் சரி. நெஞ்சில் ஒட்டிய வயர்கள், இடுப்பில் சின்னப் பெட்டி, 24 அல்லது 48 மணி நேரம். சித்தப்பா அதோடுதான் பால் வெட்டப் போனார். குளிக்க முடியாததுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். காலை 5.10க்குப் படபடப்பு என்று நோட்டில் குறித்திருந்தார். அதே நேரத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவாகியிருந்தது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குவது அது. தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் படபடப்பு ஹோல்டரில் சிக்குவது அபூர்வம். அதற்கு ஈசிஜி வசதியுள்ள வாட்ச் நல்லது. வந்தவுடன் விரல் வைத்துப் பதிவெடுத்து டாக்டரிடம் காட்டலாம். ஆனால் மாரடைப்பு அதில் தெரியாது. நெஞ்சுவலியோடு வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

காசில்லாத வழியும் உண்டு. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இருக்கலாம். எப்போதாவது ஒன்று தவறி, அடுத்தது பலமாக இடித்தால் பெரும்பாலும் பயமில்லை. உறக்கம் கெட்டாலும், கட்டன் சாயா கூடினாலும் வரும். தாளமே இல்லாமல் ஓடினால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அல்லது திடீரென வாய்க்கோணல், ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி என்றால் 108தான். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியா, திருவனந்தபுரமா என்று வீட்டில் வாக்குவாதம் தொடங்கும். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலில் அந்த நேரத்தைக் கரைக்காதீர்கள். சிடி ஸ்கேன் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். அப்புறம் ரிப்போர்ட்டோடு திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.