குளோபல் விண்ட் அட்லஸ்: காற்றை அளக்கும் கோபுரம் (மாஸ்ட்) நடுமுன் திறக்க வேண்டிய வரைபடம்

காற்றாலைத் தொழிலைப் புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் உதவிகளில் கடனுக்கும் பயிற்சிக்கும் முன்பே கைக்குக் கிடைப்பது, எங்கே எவ்வளவு காற்று வீசும் என்று காட்டும் குளோபல் விண்ட் அட்லஸ் என்ற இந்த இணையச் சேவைதான். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. பிறகு உலக வங்கியில் எரிசக்தித் துறைக்கு உதவும் எஸ்மாப் பிரிவு கைகோத்தது. கட்டணம் கிடையாது. இங்கே பேசுவது 2019-ல் வந்த மூன்றாம் பதிப்பைப் பற்றி.

2008 முதல் 2017 வரை பத்தாண்டு வானிலைத் தரவை ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா-5 தொகுப்பிலிருந்து எடுத்து, முதலில் 3 கி.மீ. கட்டங்களாகக் கணித்திருக்கிறார்கள். பிறகு மேடு பள்ளம், நிலத்தின் சொரசொரப்பு ஆகியவற்றைச் சேர்த்து 250 மீட்டருக்கு ஒரு புள்ளியாக நுணுக்கியிருக்கிறார்கள். 10, 50, 100, 150, 200 மீ. என ஐந்து உயரங்களுக்குக் காற்றின் வேகம் கிடைக்கும். கரையிலிருந்து 200 கி.மீ. வரை கடலும் உண்டு.

நாடு முழுவதற்கும் சராசரி பார்ப்பதில் பயனில்லை. மின்பாதையும் சாலையும் எட்டக்கூடிய பகுதியை மட்டும் எல்லை வரைந்து, அதில் அதிகம் காற்று வீசும் 10 சதவீத நிலம் என்ன வேகம் காட்டுகிறது என்று பாருங்கள். அடுத்து மாதவாரி, மணிவாரி மாறுபாட்டுக்குப் போங்கள். அணைகளில் நீர் குறையும் மாதங்களில் காற்று வலுக்கிறதா, மாலை மின்தேவை ஏறும்போது விழுந்துவிடுகிறதா என்பது மின்தொகுப்பை நடத்துபவர்களுக்கு ஆண்டுச் சராசரியைவிட முக்கியம்.

பலர் திறந்தே பார்க்காத அடுக்கு ஒன்று இருக்கிறது: சுற்றியுள்ள நிலத்தில் செங்குத்தான சரிவு எவ்வளவு என்று சொல்லும் ரிக்ஸ். சரிவு சுமார் 30 சதவீதத்தைத் தாண்டினால் காற்று தரையை ஒட்டி ஓடாமல் பிரிந்து சுழலும். வரைபடத்தின் கணக்குமுறைக்கு அது பிடிபடாது. அதனால் செங்குத்தான மலைமுகட்டில் தெரியும் வேகம் பெரும்பாலும் மிகை. குறுகிய கணவாயில் நேர்மாறாக நடக்கலாம், 3 கி.மீ. கட்டம் அந்த இடுக்கையே மழுக்கிவிடுவதால் உண்மையான காற்று குறைத்துக் காட்டப்படும். காட்டை ஒட்டிய இடங்களிலும் கவனம் தேவை.

இந்தப் பிழைகளைச் சிறிதென்று தள்ள முடியாது. காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். வேகத்தில் 10 சதவீதம் மிகையாகக் கணித்தால் ஆற்றலில் 33 சதவீதம் மிகையாகிறது. ஏலத்தின் உச்ச விலையையோ மின்கொள்முதல் விலையையோ இந்த வரைபட எண்ணிலிருந்து நேரடியாக நிர்ணயிப்பது பெரும் தவறு. உற்பத்தித் திறன் விகிதம் காட்டும் அடுக்குகளும் மாதிரிக் காற்றாலைச் சுழலிகளை வைத்துப் போட்ட கணக்குதான். ஒரு சுழலியின் நிழலில் அடுத்தது இழப்பதும், பழுதுக்காக நிற்கும் நேரமும், மின்பாதை இழப்பும் அதில் கழிக்கப்படவில்லை. புயல் அடிக்கும் கடற்கரைக்கு எந்த வகைச் சுழலி தாங்கும் என்பதையும் சராசரி வேகம் சொல்லாது.

ஆகவே இதை மாஸ்ட் நட இடம் தேடும் கருவியாகக் கொள்ளுங்கள். அந்த வேலைக்கு இதற்கு முழு மதிப்பெண். மாஸ்ட் 80 மீட்டராவது இருக்கட்டும், 12 மாதமாவது நிற்கட்டும். உச்சியில் இரண்டு கிண்ண வேகமானிகளை (காற்றில் கிண்ணங்கள் சுழன்று வேகம் அளக்கும் கருவி) எதிரெதிர்ப் பக்கமாக நீளும் கைகளில் பொருத்தினால்தான், ஒன்று கோபுர நிழலில் விழும்போது மற்றதை நம்பலாம். கீழே இன்னும் இரண்டு உயரங்களில் வேகமானி, காற்றுத் திசைகாட்டி, வெப்பமானி, அழுத்தமானி வேண்டும். பத்து நிமிடச் சராசரியாகப் பதிவு ஓடட்டும். அடிக்கடி பிழையாவது காற்றுத் திசைகாட்டி: வடக்குக் குறியைப் பொருத்தும்போது சில பாகை தவறினால், ஆண்டு முழுக்கத் தவறான திசையே பதிவாகும். பொருத்திய அன்றே ஒவ்வொரு கையின் கோணத்தையும் அளந்து, படமெடுத்து, அறிக்கையில் ஏற்ற வேண்டும். ஓராண்டு அளவீட்டை நீண்டகால ஈரா-5 தரவோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே ஆண்டு உற்பத்தியைக் கணக்கிடலாம்.

உலக வங்கி பாகிஸ்தானில் 12, ஜாம்பியாவில் 8 என மாஸ்ட்கள் நிறுத்தி, அளவீடுகளைப் பொதுவில் வெளியிட்டது. இந்தச் சர்வதேச உதவியில் மிகவும் பாராட்ட வேண்டிய பகுதி, வரைபடத்தைவிட இதுதான். அளவீடு ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் முடங்கினால், அடுத்து வருபவர் அதே மலையில் மறுபடி ஓராண்டு காத்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பொறியாளர்களுக்குப் பழகிப் பார்க்கத் தரவே இருக்காது. உதவி ஒப்பந்தம் எழுதும்போதே பத்து நிமிட மூலத் தரவு, வேகமானிகளின் அளவுத்திருத்தச் சான்றுகள், மாஸ்ட் பொருத்திய அறிக்கை மூன்றும் நாட்டின் கைக்கு வந்து பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்ற விதியைச் சேர்த்துவிடுங்கள்.