பட்டமா, பாஷையா: கொழும்பில் உளவளத்துணை தேடும் தமிழருக்கு

கொழும்பில் மனச்சுமையோடு உதவி தேடும் தமிழர், பெரும்பாலும் இருவரில் ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஒருவர், முதுதத்துவமாணிப் பட்டம் பெற்று ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அமர்வு நடத்தும் மருத்துவ உளவியலாளர். மற்றவர், உளவளத்துணையில் டிப்ளோமா முடித்து, தமிழிலேயே பேசும் உளவளத்துணையாளர். இரண்டும் ஒருங்கே அமைந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிலரே.

மருத்துவ உளவியலாளரின் பலம் அவர் கற்ற முறையில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கை கழுவும் ஒருவருக்கு, "பயப்படாதீங்கோ, ஒன்றும் ஆகாது" என்று அன்போடு ஆறுதல் சொல்வது அந்தக் கட்டாய எண்ணத்தையே வளர்த்துவிடும். பயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்குவதே அங்கே உண்மையான பரிவு. அதற்குப் பயிற்சி வேண்டும்.

ஆனால் துயரம் சொல்லில் தங்கியிருக்கும்போது நிலைமை மாறுகிறது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் சித்தி, சித்தப்பாவின் மறைவுக்குப் பிறகு, ஒரு தனியார் நிலையத்தில் உளவியலாளரைச் சந்தித்தபோது, மொழிபெயர்க்க மகன் அருகில் இருந்தான். "ஒரே யோசிக்கிறன்" என்று சித்தி சொன்னதை, அதிகம் சிந்திக்கிறார் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். நம் பேச்சில் யோசிப்பது என்றால் கவலைப்படுவதும்தான் என்பது அந்த அறையில் தொலைந்துபோயிற்று. அதைவிட, கணவரோடு வாழ்ந்த வாழ்வின் கசப்பை மகன் முன்னிலையில் எந்தத் தாய்தான் சொல்வாள்?

1957இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ், ஒருவரிடம் மாற்றம் நிகழத் தேவையான ஆறு நிபந்தனைகளை முன்வைத்தார். சிகிச்சையாளரின் உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பரிவுடன் புரிந்துகொள்ளல் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. ஆறாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அந்தப் பரிவும் மதிப்பும் நாடி வந்தவரைச் சிறிதளவேனும் சென்றடைய வேண்டும். அந்த உளவியலாளரிடம் பரிவு இருந்தது. அது சித்தியைச் சென்றடையவில்லை.

தமிழில் பேசுபவர் என்பதாலேயே ஒருவரை நம்பிவிடவும் கூடாது. டிப்ளோமாக்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. தமிழர் நிறைய வாழும் வெள்ளவத்தையில் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் அதிகம். கோயிலிலும் சந்தையிலும் எதிர்ப்படப்போகும் ஒருவரிடம் வீட்டுக் கதையைச் சொல்ல மனம் தயங்கும். எனவே எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறார், எந்தக் கட்டத்தில் வைத்தியரிடம் அனுப்புவார் என்று முதல் அமர்விலேயே கேட்டுவிட வேண்டும். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாதவரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே அழைக்க வேண்டும். அந்த நிறுவகம் இருக்கும் அங்கொட என்ற இடத்தின் பெயரை வசையாக்கி வைத்திருக்கும் நம் ஊர்ப் பழக்கம் அதைத் தடுக்கக்கூடாது. 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற அமைப்பின் தொண்டர்கள் மனந்திறந்து பேசுபவரைக் கேட்பவர்கள். அது வேறு வகைத் துணை.

சித்தி பிறகு தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவரிடம் தனியாகச் சென்றார். மூன்றாவது அமர்வில், உறக்கமும் உணவும் தொடர்ந்து குறைந்து வருவதைக் கவனித்த அவர், தாமே கடிதம் எழுதி மனநல வைத்தியரிடம் அனுப்பினார். மருந்தை இப்போது வைத்தியர் பார்க்கிறார். சித்தப்பாவைப் பற்றிய பேச்சு சித்தி "மிஸ்" என்று அழைக்கும் அந்த உளவளத்துணையாளரிடம் தொடர்கிறது.