பெரிய கல்லூரியா, டிவிஷன் 2-வா? மகளின் மாற்றலில் நாங்கள் போட்ட கணக்கு

என் மகள் அமெரிக்காவில் ஒரு நடுத்தர டிவிஷன் 1 கல்லூரியின் (கல்லூரி விளையாட்டில் டிவிஷன் 1 மேல் அடுக்கு, அடுத்தது 2, பிறகு 3) பெண்கள் கூடைப்பந்து அணியில் இரண்டு வருடம் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக, இருந்தாள். முதல் வருடம் ஆட்டத்துக்கு எட்டு நிமிடம், அடுத்த வருடம் ஒன்பது. அதற்கு மேல் களம் கிடைக்கவில்லை. படிப்பது சிவில் இன்ஜினியரிங். 2025 ஏப்ரலில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலில், பெயர் கொடுத்தாள். எழுத்தில் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி பெயரை ஏற்றிவிட வேண்டும் என்பது விதி. மறுநாள் மதியமே ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் நான்கு கோச்சுகள் செய்தி அனுப்பியிருந்தார்கள்.

கடைசியில் எங்கள் முன்னால் இருந்தது மூன்று வழி. பழைய இடத்திலேயே இருந்துவிடுவது, டிவியில் ஆட்டம் வரும் பெரிய கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) கல்லூரி ஒன்று, பக்கத்து மாநிலத்தில் ஒரு டிவிஷன் 2 பொறியியல் கல்லூரி. அவள் டிவிஷன் 2-க்குப் போனாள். ஒரு சீசன் முடிந்துவிட்டது. இந்த வசந்தத்தில் இதே யோசனையில் இருக்கும் வீடுகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது படிக்கும்போதே தெரியும். அதை மறைக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பெரிய இடத்தில் ஜிம், சாப்பாடு, விமானப் பயணம், பிசியோ எல்லாம் ஒரு படி மேல். டிவிஷன் 2-இல் பஸ்தான். ஆறு மணி நேரம் போய் ஆடிவிட்டு அன்று இரவே திரும்புவார்கள். பெரிய இடத்தில் பெஞ்ச், சின்ன இடத்தில் நிமிடங்கள். இது எந்தக் கோச்சிடமும் கேட்காமலே தெரிகிற கணக்கு.

இருக்கிற இடத்திலேயே இருப்பது பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோச் நல்ல மனிதர். ஆனால் போர்ட்டலிலிருந்து ஒரு சீனியர் பாயிண்ட் கார்டை எடுக்கப் போகிறேன் என்று மார்ச்சிலேயே நேராகச் சொல்லிவிட்டார். போர்ட்டலில் பெயர் ஏறிவிட்டால் அந்த செமஸ்டர் முடிவில் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். அதனால் "சும்மா பெயர் போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு வேண்டாம். திரும்ப எடுத்துக்கொள்வதும் விடுவதும் கோச்சின் விருப்பம்.

பெரிய கல்லூரியின் அழைப்பு வந்த அன்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அந்த அணியை நாங்கள் டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள் என்றே சொல்லலாம். மேலே போய் ஜெயித்தவர்களுக்கும் குறைவில்லை. அந்த ஏப்ரலில்தான் வால்டர் கிளேட்டன் ஜூனியர் ஃபுளோரிடாவுக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவர் அயோனா என்ற சின்னக் கல்லூரியில் தொடங்கியவர். ஈஸ்ட் கரோலினாவிலிருந்து யூகானுக்குப் போன டிரிஸ்டன் நியூட்டன் 2023, 2024 என்று இரண்டு பட்டம் அடித்தார். ஏஞ்சல் ரீஸ் மேரிலாண்டிலிருந்து எல்.எஸ்.யூ. போய் முதல் வருடமே சாம்பியன். "அம்மா, இவங்க எல்லாரும் போகலையா?" என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அவள் அறைச் சுவரில் இருந்தது ஹெய்லி வான் லித்தின் படம். லூயிவில்லில் ஆட்டத்துக்கு 19.7 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர், நடப்பு சாம்பியன் எல்.எஸ்.யூ.-வுக்கு மாறினார். அங்கே பழக்கமில்லாத பாயிண்ட் கார்டு இடத்தில் ஆட வேண்டி வந்தது, சராசரி 11.6-க்கு இறங்கியது. அடுத்த வருடம் டி.சி.யூ. போனார். அந்தக் கல்லூரி அதுவரை எலைட் எயிட், அதாவது தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளின் சுற்று, பார்த்ததே இல்லை. 2025-இல் பார்த்தது. அவர் பிக் 12 கான்ஃபரன்ஸின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், பிறகு பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.-வின் ஆள் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். பெயரில் பெரிய கல்லூரி, ஆட்டத்தில் பெரிய இடமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதை மகளே சொன்னாள், நான் சொல்லவில்லை.

இருந்தாலும் எங்கள் முடிவை மாற்றியது இது எதுவும் இல்லை. கிரெடிட்.

மாற்றல் பற்றிப் பேசும்போது நிமிடம், பணம், கோச், ஊர் எல்லாம் பேசுவார்கள். ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் கணக்கில் சேரும் இந்தக் கிரெடிட்டைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. கோச் "அட்மிஷன் ஆயிடும், எல்லா கிரெடிட்டும் எடுத்துக்குவாங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எடுத்துக்கொள்வது வேறு, பட்டத்துக்குச் சேர்ப்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

என் மகளிடம் 66 கிரெடிட் இருந்தது. பெரிய கல்லூரி 61-ஐ ஏற்றுக்கொண்டது. ஆஹா என்றிருந்தோம். பிறகு அந்தப் பொறியியல் துறை அனுப்பிய தாளைப் பிரிண்ட் எடுத்து, சமையலறை மேஜையில் வைத்து, மஞ்சள் ஹைலைட்டரால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டேன். கால்குலஸ் மூன்றும் சேர்ந்தது. இயற்பியல் சேர்ந்தது. சர்வேயிங் "எலெக்டிவ்", அதாவது விருப்பப்பாடம், என்று வந்தது. பழைய இடத்தில் ஸ்டாட்டிக்ஸும் டைனமிக்ஸும் ஒரே பாடமாக நடத்தியிருந்தார்கள். இங்கே தனித்தனி, அதனால் இரண்டுமே இல்லை. புரோகிராமிங் வேறு மொழியில் படித்ததால் அதுவும் எலெக்டிவ். கடைசியில் சிவில் இன்ஜினியரிங் பட்டத்துக்குச் சேர்ந்தது 44. மீதி 17 கிரெடிட் மார்க் ஷீட்டில் அழகாகத் தெரியும், பட்டத்துக்கு உதவாது. செல்லாக் காசு.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, விதி. டிவிஷன் 1-இல் மூன்றாம் ஆண்டு ஆடத் தொடங்கும்போது தேர்ந்தெடுத்த பட்டத்தின் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும்; நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. மாறி வருபவருக்கும் அதே கணக்கு, அதுவும் புதிய கல்லூரியின் பட்டத்தை வைத்து. அங்கே அந்தப் பட்டத்துக்கு மொத்தம் 128 கிரெடிட். 40 சதவீதம் என்றால் 52 வேண்டும். எங்களிடம் 44. 2024 ஏப்ரலுக்குப் பிறகு எத்தனை முறை மாறினாலும் உட்கார்ந்திருக்காமல் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்துவிட்டது, சரி. ஆனால் அந்தத் தளர்வு படிப்பில் தகுதியுள்ளவருக்கு மட்டும்தான். பலர் முதல் பாதியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

எட்டு கிரெடிட்தானே, கோடையில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பட்டத்துக்குச் சேரும் பாடங்களாக எடுக்க வேண்டும். அவளுக்குத் தேவையானவை கோடையில் அங்கே நடத்தப்படுவதில்லை. அப்போதுதான் அந்த அணியின் அகாடமிக் அட்வைசர் ஒரு வழி சொன்னார். மேஜரை (பட்டத்தின் முதன்மைப் படிப்பை) மாற்றிக்கொள்ளலாம், பொதுவான படிப்பு ஒன்று இருக்கிறது, அதில் 61-ம் சேர்ந்துவிடும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மகள் போனை வைத்துவிட்டு வந்து, "அம்மா, அவங்க மேஜரை மாத்தச் சொல்றாங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து வயதில் பாப்சிகில் குச்சியில் பாலம் கட்டிய பிள்ளை அது.

இரண்டாவது சிக்கல் பணம், இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். டிவிஷன் 1-இல் ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது அப்போது விதி. அவளுக்கு மிச்சம் இரண்டு சீசன். 128-இல் 44 போனால் பாக்கி 84 கிரெடிட். பயிற்சியும் பயணமும் வைத்துக்கொண்டு செமஸ்டருக்கு 15 எடுப்பதே பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் ஆறு செமஸ்டர். அதாவது சீசன் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும், படிப்பு மூன்று வருடம் ஓடும். அந்த மூன்றாம் வருடத்துக்கு யார் கட்டுவது? எழுத்தில் உறுதி தருவீர்களா என்று கேட்டோம். "பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். வெளிமாநில மாணவிக்கான ஒரு வருடக் கட்டணத்தைப் பார்த்தபோது, முழு ஸ்காலர்ஷிப் என்ற வார்த்தையின் பாதி கரைந்துபோனது. கார் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டு, பராமரிப்பை விட்டுவிடுவது போல.

டிவிஷன் 2 கல்லூரியில் நடந்தது வேறு மாதிரி. கோச் முதல் அழைப்பிலேயே, "நான் சொல்வதை நம்ப வேண்டாம், துறைத் தலைவரிடம் பேசுங்கள்" என்று எண்ணைக் கொடுத்தார். துறையில் ஒரு பேராசிரியர் வீடியோவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாடம் பாடமாகப் பார்த்தார். முதலில் 56 சேர்ந்தது. அந்த ஸ்டாட்டிக்ஸ்-டைனமிக்ஸ் பாடத்தின் சிலபஸை அனுப்பி முறையிட்டோம். வாரவாரியாக என்ன நடத்தினார்கள் என்று அதில் இருந்ததால் இன்னும் 3 கிரெடிட் கிடைத்தது. 59. கோடையில் இரண்டு பாடம் எடுத்தாள், 65. அங்கேயும் பட்டம் 128 கிரெடிட்தான். ஆக பாக்கி 63; செமஸ்டருக்கு 15, நடுவில் ஒரே ஒரு பாடம் கூடுதல் என்றால் இரண்டு வருடத்தில் முடியும் கணக்கு, சீசனும் படிப்பும் ஒன்றாக.

டிவிஷன் 2 என்றால் படிப்பிலும் இரண்டாம் தரம் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். ஒரு உறவினர் எங்களிடமே "ஏன் கீழே இறக்குறீங்க" என்று கேட்டார். கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ், மிச்சிகன் டெக், மிசூரி எஸ் அண்ட் டி எல்லாம் டிவிஷன் 2-இல் ஆடும் கல்லூரிகள்தான். பொறியியல் கம்பெனிகள் அங்கே வரிசையில் நின்று ஆள் எடுக்கின்றன. டிவிஷன் என்பது விளையாட்டுத் துறை எவ்வளவு செலவு செய்கிறது, எத்தனை ஸ்காலர்ஷிப் தருகிறது என்பதைச் சொல்லும் எண். வகுப்பறையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஆட்டமும் அங்கே செத்துப்போவதில்லை. டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஒரு வருடம் ஆடிவிட்டு மிச்சிகன் போய், பிறகு என்.பி.ஏ. போனவர். ஜாக் கோல்கி ஹில்ஸ்டேல் என்ற டிவிஷன் 2 கல்லூரியில் பட்டம் முடித்து ஓக்லாண்ட் வந்து, 2024 மார்ச்சில் கென்டக்கியை வீழ்த்திய ஆட்டத்தில் பத்து மூன்று-புள்ளி போட்டார். பட்டத்தை முடித்தபின் இன்னும் சீசன் மிச்சமிருந்தால், கிரெடிட் தலைவலி இல்லாமல் மேலே போகலாம் என்பதையும் அவர் கதையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. டிவிஷன் 2-இல் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 10 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான் உச்சம். அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு விளையாட்டுக்காகப் பாதிக்குச் சற்று மேல், மதிப்பெண்ணுக்காக இன்னொரு பங்கு, மீதியை நாங்கள் கட்டுகிறோம். பழைய இடத்தில் ஒரு காசு கட்டியதில்லை. ஜனவரியில் கணுக்கால் பிசகியபோது ஸ்கேன் எடுக்க நாலு நாள் காத்திருந்தாள். பெரிய இடமாக இருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பார்கள். அந்த நாலு நாளும் நான் என் முடிவைப் பற்றி யோசித்தேன்.

பணம் கிடைக்கும் உயரத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் தீர்வு வந்தபின் ஒரு கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம்; முதல் வருடமான 2025-26-க்கு அதன் உச்சம் 20.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. ஆறு இலக்கத் தொகை பேசப்படும் பிள்ளை என்றால், ஒரு வருடக் கட்டணத்தை அதிலிருந்தே கட்டிவிடலாம். அந்த வீட்டின் முடிவு வேறாக இருந்தால் தப்பில்லை. எங்களிடம் யாரும் அப்படிப் பேசவில்லை, அதனால் அந்த உலகத்தைப் பற்றி என்னால் அனுபவத்தோடு சொல்ல முடியாது. மேஜரும் முக்கியம். பிசினஸ், சைக்காலஜி போன்ற படிப்புகளில் எலெக்டிவுக்கு இடம் அதிகம். இவ்வளவு வெட்டு விழாமல் போகலாம். நர்சிங், பொறியியல் என்றால் கட்டாயம் பாருங்கள்.

போர்ட்டல் திறந்திருக்கும் நாட்கள் பெயர் கொடுப்பதற்குத்தான். அதற்குள் கல்லூரியை முடிவு செய்ய வேண்டும் என்று விதி இல்லை. கோச் "வெள்ளிக்கிழமைக்குள் சொல்" என்று நெருக்குவார், ஏனென்றால் அவருக்கு இரண்டாவது பெயர் கையில் இருக்கும். அந்த நெருக்கடியிலும் துறையிடமிருந்து எழுத்தில் ஒரு தாள் கேளுங்கள்: எத்தனை ஏற்கப்படும் என்று கேட்காதீர்கள், இந்த மேஜருக்கு எத்தனை சேரும் என்று கேளுங்கள். அப்புறம், பிள்ளை முதல் செமஸ்டரில் இருக்கும்போதே எல்லா சிலபஸையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மாறப் போகிறோமோ இல்லையோ. கல்லூரியின் தளத்தில் பழைய வருடத்து சிலபஸ் பல நேரம் கிடைப்பதில்லை. எங்களுக்குக் கிடைத்த அந்த 3 கிரெடிட்டும், முதல் வருடம் அவளோடு அறையில் இருந்த தோழி தன் லேப்டாப்பில் தேடி அனுப்பிய சிலபஸால் வந்ததுதான்.