கல்லீரல் முன்னோடி செல்கள்: ஹெப்பாஆர்ஜியா, ஆர்கனாய்டா, ஐபிஎஸ்ஸா?

கல்லீரல் முன்னோடி செல் (இன்னும் முழுதாக முதிராத செல்) ஹெபடோசைட்டாகவும் (கல்லீரலின் முக்கிய வேலைகளைச் செய்யும் செல்) மாறும், பித்தநாளச் செல்லாகவும் மாறும். ஆனால் பெருகிக்கொண்டிருக்கும்வரை முதிராது. முதிர்ந்தால் பெருக்கம் நின்றுவிடும். ஆய்வகத்தில் இந்தச் செல்களோடு வேலை செய்ய உள்ள மூன்று வழிகளில், இந்த இழுபறியை எது நன்றாகச் சமாளிக்கிறது என்பதே என் அளவுகோல்.

மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டுமா? யோசிக்காமல் ஹெப்பாஆர்ஜி என்பேன். ஹெபடைடிஸ் சி இருந்த ஒரு பெண்ணின் கல்லீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து, 2002-இல் அறிமுகமான செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) இது. 2 வாரம் பெருகவிட்டு, அப்புறம் 2 வாரம் ஹைட்ரோகார்டிசோனோடு 2% டிஎம்எஸ்ஓ (செல்லை முதிர வைக்கும் கரைப்பான்) சேர்த்த மீடியத்தில், அதாவது வளர்ப்புத் திரவத்தில், வைக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பலகோண ஹெபடோசைட்டுகள் தீவு தீவாகத் திரண்டிருக்கும். அவற்றுக்கிடையே பித்த நுண்குழாய்கள் பளிச்சென்ற கோடுகளாகத் தெரியும். சுற்றிலும் தட்டையான பித்தநாள வகைச் செல்கள். முதிர்ந்த செல்களைப் பிரித்து இடைவெளி விட்டு விதைத்தால் மறுபடி முன்னோடி நிலைக்கே திரும்பிவிடும். நெருக்கமாக விதைத்தால் முதிர்ச்சி நிலைக்கும். விதைக்கும் அடர்த்தியே விதியைத் தீர்மானிப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரிசை அபூர்வம். மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதி நன்றாக வேலை செய்யும். குறை, எல்லாமே ஒரே மனுஷியின் மரபணு. சிஒய்பி2டி6 என்ற இன்னொரு நொதி அவருக்குப் பலவீனம் என்பதால், அந்த நொதி சிதைக்கும் மருந்துகளுக்கு இந்தச் செல்களை நம்பக் கூடாது.

நோயாளிக்கு நோயாளி வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் பித்தநாள ஆர்கனாய்டுதான் (செல்களை முப்பரிமாணத்தில் வளர்த்துக் கிடைக்கும் குட்டி உறுப்பு) சரி. மனிதக் கல்லீரலிலிருந்து மாதக்கணக்கில் பெருக்கும் முறை 2015-இல் வெளிவந்தது. ஆர்-ஸ்பாண்டின், ஈஜிஎஃப், ஹெச்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிப் புரதங்களெல்லாம் கொடுத்து வளர்த்து, பிறகு ஆர்-ஸ்பாண்டினை நிறுத்தி, நாட்ச் என்ற செல் சமிக்ஞையின் தடுப்பானும் பிஎம்பி7-உம் எஃப்ஜிஎஃப்19-உம் கொடுத்து ஹெபடோசைட் பக்கம் திருப்புவார்கள். மரபணு நிலைத்திருப்பது பெரிய பலம். ஆனால் பித்தநாளச் சாயல் முழுதாகப் போகாது. செல்களைத் தாங்கும் மேட்ரிஜெல் என்ற ஜெல்லும் படுத்தும்: ஐஸிலேயே வைத்துக் கையாளாவிட்டால் பிப்பெட் முனையிலேயே கெட்டியாகிவிடும், பேட்சுக்குப் பேட்ச் குணமும் மாறும்.

ஐபிஎஸ் (சாதாரண உடல் செல்லை மாற்றி உருவாக்கும் மூலச் செல்) வழியில் ஆக்டிவின் ஏ, பிஎம்பி4, ஹெச்ஜிஎஃப், ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற புரதங்களைப் படிப்படியாகக் கொடுத்து ஏறத்தாழ 3 வாரத்தில் முடிக்கலாம். கரு வளர்ச்சியைப் படிக்க அருமையானது. முதிர்ந்த கல்லீரலுக்கு மாற்றாகாது.

எதை எடுத்தாலும் ஆல்புமினை மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். சிசுநிலைச் செல்லும் ஆல்புமின் சுரக்கும். சிசுநிலையில் அதிகம் சுரக்கும் ஏஎஃப்பி என்ற புரதம் இறங்கியிருக்கிறதா, சிஒய்பி3ஏ4 உண்மையில் மருந்தைச் சிதைக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.