மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் டியூபா, கற்றாழைப் பற்றா?

கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் இரண்டு வழி. ஒன்று, டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு, காம்புக்குள் ஆன்டிபயாடிக் டியூப் ஏற்றுவது. இன்னொன்று, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மூலிகை மையம் சொல்லிக்கொடுத்து, தேசிய பால்வள வாரியமும் ஊர் ஊராகக் கொண்டுபோன கற்றாழைப் பற்று. எங்கள் ஜெர்சி கலப்பினங்களுக்கு இரண்டையும் செய்து பார்த்தாகிவிட்டது. இப்போது நான் முதலில் தேடுவது கற்றாழையைத்தான்.

டியூபில் வேலை குறைவு, கேட்பதும் சீக்கிரம். அதில் வாதமே இல்லை.

பற்றுக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு. மிக்ஸியில் அரைத்தால் ஆரத்தித் தண்ணி மாதிரி சிவந்து வரும். மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளைக்கு 8, 10 தடவை, ஐந்து நாள். எலுமிச்சம்பழமும் நறுக்கித் தின்னக் கொடுக்க வேண்டும். பகலில் ஆள் இல்லாத வீட்டில் இது நடக்காது. வேட்டியில் பட்ட கறையும் போகாது, அது தனிக்கதை.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது பால் கணக்கு. டியூப் ஏற்றினால், கடைசி டோஸுக்குப் பிறகும் அட்டையில் போட்டிருக்கிற நாள் வரை பாலைக் கீழே ஊற்ற வேண்டும். பல மருந்துகளுக்கு மூன்று, நான்கு நாள். ஒரு காம்பில் ஏற்றினாலும் மருந்து ரத்தத்தில் கலந்துவிடும், நான்கு காம்புப் பாலும் ஆகாது. பத்து லிட்டர் மாடு, லிட்டர் 35 ரூபாய் என்றால் நான்கு நாளில் 1,400 ரூபாய். சிகிச்சை நடந்த நாட்களின் பால் தனி. வயிறெரிந்துதான் பலரும் பால் தெளிந்ததும் சொசைட்டிக்கு ஊற்றிவிடுகிறார்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்பார்கள். கிருமி சாகும், மருந்து எச்சம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்தப் பாலுக்கு உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் ஒழுங்காகத் தோயாது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. வீணாக்க மனமில்லாமல் கன்றுக்குக் காட்டினால், மருந்துக்கு அடங்காத கிருமி அதன் குடலில் பெருகிச் சாணியோடு தொழுவத்துக்கு வந்துவிடும். மாட்டுக்குப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் என்கிற ஆன்டிபயாடிக்தான் ஆஸ்பத்திரியில் நமக்கும் ஏற்றுகிற மருந்து. கிருமி அதற்கு அடங்காமல் போனால் நமக்கும் அது கேட்காது.

பற்றில் இந்தக் காத்திருப்பு கிடையாது. திரிதிரியாக வருகிற பாலை எப்படியும் விற்கக் கூடாது. பால் தெளிந்து, சிஎம்டி சோதனையிலும் (பாலில் ஒரு கரைசலைக் கலந்து மடிநோய் இருக்கிறதா என்று பார்ப்பது) கொழகொழப்பு வராவிட்டால், மடியைக் கழுவிக் கறந்து கேனில் ஊற்றிவிடலாம்.

ஆனால் மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமல் நின்றால், பால் தண்ணியாக இறங்கினால், மடி சில்லிட்டுப் போனால் கற்றாழையை மறந்துவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள். அங்கே ஊசிதான். மருந்து போடும் முன்பே பால் மாதிரி எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சோதிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். நாள்பட்டு மடி கல்லாகிப்போன மாட்டுக்கு நான் பற்றுப் போட்டதில்லை, எருமைக்கும் இல்லை. என் அனுபவமெல்லாம் ஆரம்பத்திலேயே பிடித்த நோயோடுதான். அதற்காகவே கறக்கும்போது முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டு, திரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செம்பை வைக்கிறோம்.