மாற்று ஹாஃப்பேக் விவாதத்துக்கு ரக்பிபாஸ் டிவி எவ்வளவு உதவும்?

நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணியான ஆல் பிளாக்ஸில் ஹாஃப்பேக் அணியும் 9-ஆம் எண் சட்டை இப்போது கேம் ரொய்கார்டுக்கு உரியது என்பதில் நியூசிலாந்து ரசிகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அவருக்குப் பின்னால் 21-ஆம் எண் சட்டையுடன் பெஞ்சில் அமர வேண்டியவர் யார், உலகக் கோப்பைக்குப் போகும் மூன்றாவது ஹாஃப்பேக் யார் என்ற கேள்விகளில்தான் வாதம் ஓய்வதில்லை. இந்த வாதத்தில் ஒரு கருத்தைச் சொல்ல விரும்பும் ரசிகருக்கு ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும் வசதி வேண்டும். உலக ரக்பி அமைப்பு நடத்தும் ரக்பிபாஸ் டிவி என்ற இணைய ஒளிபரப்புச் சேவை அந்த வசதியை எந்த அளவுக்குத் தருகிறது என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன்.

சேவையைப் பற்றிய அடிப்படைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 உலகக் கோப்பையை ஒட்டித் தொடங்கப்பட்ட இதற்குக் கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் போதும். பழைய உலகக் கோப்பை ஆட்டங்களின் பதிவுகளும், ஆவணத் தொடர்களும், கலந்துரையாடல் நிகழ்ச்சிகளும் இதில் இருக்கின்றன. நேரலை மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு போட்டியின் உரிமத்தை உள்ளூர்த் தொலைக்காட்சி வாங்கியிருக்கும் இடங்களில் அது இங்கே திறக்காது. தமிழில் வர்ணனை இல்லை. ஆனாலும் நடுவரின் ஒலிவாங்கி வழியாக வரும் குரல் தெளிவாகக் கேட்பதால், விதிகளை ஓரளவு அறிந்தவர் வர்ணனையைச் சார்ந்திராமலே ஆட்டத்தைப் பின்தொடர முடியும். பள்ளி ரக்பியைப் பார்த்து வளர்ந்த இலங்கை வாசகர்களுக்கு இது சிரமமாக இருக்காது.

ஹாஃப்பேக்கை மதிப்பிட முழு ஆட்டம் ஏன் தேவை என்பதை விளக்க வேண்டும். பந்தோடு விழுந்த ஆட்டக்காரரின் மேல் இரு தரப்பினரும் மோதி நிற்கும் ரக் ஒவ்வொன்றின் பின்னாலும், பந்தை எடுத்து அனுப்ப முதலில் வந்து சேர வேண்டியவர் அவர். ஓர் ஆட்டத்தில் நூறு ரக்குகளுக்கு மேல் நடப்பது சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை சுருக்கக் காணொளிகளில் இடம்பெறுவதில்லை. அங்கே நமக்குக் கிடைப்பது அவர் போட்ட டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி பெறுவது), அவர் உடைத்துக்கொண்டு ஓடிய ஓட்டம், எப்போதாவது ஒரு நீண்ட பாஸ் ஆகியவை மட்டுமே. ஓடித் திரியும் ஹாஃப்பேக்கை உயர்த்தியும், ரக்கிலிருந்து பந்தைப் பிசகின்றி நூறு முறை வெளியே அனுப்புபவரைத் தாழ்த்தியும் ரசிகர்கள் பேசுவதற்கு இந்தக் காணொளிகளே முதன்மையான காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மாற்று ஹாஃப்பேக்கைப் பற்றிப் பேச விரும்புகிறவர் இச்சேவையில் முதலில் பார்க்க வேண்டியது 2023 அக்டோபர் 28 அன்று பாரிசில் நடந்த இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்கா 12-11 என்று வென்ற அந்த ஆட்டத்தை, நியூசிலாந்து அணித்தலைவர் சாம் கேனுக்குக் கிடைத்த சிவப்பு அட்டைக்காகவும் தவறிப்போன உதைகளுக்காகவுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஹாஃப்பேக் என்ற ஒற்றை இடத்தை மட்டும் கவனித்தபடி பார்த்தால் வேறோர் ஆட்டம் தெரிகிறது. தென்னாப்பிரிக்கா அன்று பெஞ்சில் ஏழு முன்வரிசைக்காரர்களையும் (பந்துக்காக மோதும் ஃபார்வர்டுகள்) ஒரே ஒரு பின்வரிசைக்காரரையும் (பேக்) வைத்திருந்தது. அந்த ஒருவரும் ஹாஃப்பேக் அல்ல, வில்லி லெ ரூ. எனவே தொடக்க ஹாஃப்பேக்கான ஃபாஃப் டி கிளர்க் எண்பது நிமிடமும் ஆடியே தீர வேண்டியிருந்தது. பூல் சுற்றில் ருமேனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நான்கு ஹாஃப்பேக்குகளை ஒரே ஆட்டப் பட்டியலில் சேர்த்து, அவர்களில் ஒருவரான கிரான்ட் வில்லியம்ஸை விங்கில் (மைதான ஓரத்தில் ஓடும் இடத்தில்) நிறுத்திய அதே பயிற்சிக் குழு, இறுதி ஆட்டத்தில் ஒருவரை மட்டுமே நம்பி இறங்கியது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே முன்வரிசைக்காரர்களில் ஒருவரான ஹுக்கர் போங்கி எம்போனாம்பி காயம்பட்டு வெளியேறியதை நினைத்தால், அதே காயம் டி கிளர்க்குக்கு நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி ஆட்டம் முழுவதும் நம்மை விடுவதில்லை.

எதிர்த்தரப்பில் நியூசிலாந்தின் ஹாஃப்பேக் ஆரன் ஸ்மித்துக்கு அது 125-ஆவது டெஸ்ட். சர்வதேச ரக்பியில் அவருடைய கடைசி ஆட்டமும் அதுவே. அவருடைய கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். ரக்கை அடைவதற்கு முன்பே தலையை ஒருமுறை திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறார். பந்தை நோக்கிக் குனியும்போது பின்கால் ஏற்கெனவே பந்தின் அருகில் ஊன்றியிருக்கிறது. கைகளைப் பின்னுக்கு இழுக்காமல், நிமிர்வதற்கும் முன்பாக, தரையிலிருந்தே பந்து பறந்துவிடுகிறது. பதினான்கு பேரோடு ஆடிய ஓர் அணி கடைசிவரை ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிற்க முடிந்ததில் இந்த வேகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் போட்ட டிரை, முன்னதாக லைன் அவுட்டில் (வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறியும்போது) பந்து கை தவறி முன்னால் போனதாகக் காணொளி நடுவர் கண்டறிந்ததால் செல்லாமற்போயிற்று. பிறகு அவருக்குப் பதிலாக ஃபின்லே கிறிஸ்டி வந்தார். கிறிஸ்டி உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் அவர் பந்தை எடுத்ததும் ஓர் அடி வைத்துவிட்டு அனுப்புபவர். அந்த ஓர் அடி எதிரணித் தடுப்பு வரிசை முன்னேறி வந்து நிற்கப் போதுமான இடைவெளியைத் தருவதாக எனக்குத் தோன்றுகிறது. இதை எந்தச் சுருக்கக் காணொளியிலும் காண முடியாது. பதிவை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, ஸ்மித்தின் பாஸையும் கிறிஸ்டியின் பாஸையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிற இடத்தில்தான் இச்சேவை தன் மதிப்பைக் காட்டுகிறது.

இதற்கு நேர் மாறான பாடத்தை 2011 இறுதி ஆட்டம் தருகிறது. ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் பிரான்சை நியூசிலாந்து 8-7 என்று வென்ற அன்று, தொடக்க ஹாஃப்பேக்கான பிரி வீப்பூ கோல் உதைகளைத் தவறவிட்டார். காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஏழு பெனால்டிகளை அடித்து அணியைக் காப்பாற்றியவரும் அவரே. இறுதியில் அவருக்குப் பதிலாக இறங்கிய ஆண்டி எல்லிஸ் எதையும் புதிதாகச் செய்ய முயலவில்லை. முன்வரிசைக்காரர்களை நெருக்கமாக வைத்து, பந்தை அவசரமின்றி அவர்கள் கையிலேயே கொடுத்து நேரத்தைக் கடத்தினார். முடிவில் பந்தை டச்சுக்கு (பக்கக் கோட்டுக்கு வெளியே) உதைத்து ஆட்டத்தை முடித்துவைத்ததும் அவர்தான். முன்னிலையில் இருக்கும் அணிக்கும் பின்தங்கியிருக்கும் அணிக்கும் பெஞ்சிலிருந்து வேண்டியது ஒரே வகை ஹாஃப்பேக் அல்ல என்பதை இவ்விரு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது உணர முடிகிறது.

இனி இன்றைய பெயர்களுக்கு வருவோம். ரொய்கார்டின் தொடக்க காலத்தை அறிய, 2023 உலகக் கோப்பையில் நமீபியாவை 71-3 என்று வென்ற ஆட்டம் காப்பகத்தில் பார்க்கத்தக்கது. இடது காலால் உதைப்பதும், ரக்கின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் தயங்காமல் தானே ஓடிவிடுவதும் அவருடைய அடையாளங்கள். ஆனால் 2024-இல் முழங்கால் காயம், 2025-இல் பாதக் காயம் என்று இரண்டு ஆண்டுகளிலும் அவர் முக்கியமான ஆட்டங்களை இழந்தார். இன்னொரு ஹாஃப்பேக்கான டி.ஜே. பெரெனாரா 2024-உடன் விடைபெற்று ஜப்பானுக்குப் போய்விட்டார். அதனால் 2025 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சூப்பர் ரக்பி போட்டியில் ஆடும் சீஃப்ஸ் அணியின் கோர்ட்டெஸ் ரதிமா, புளூஸ் அணியின் கிறிஸ்டி, குருசேடர்ஸ் அணியின் நோவா ஹோத்தம், கைல் பிரெஸ்டன் என்று பலரை அந்த இடத்துக்குத் தேட வேண்டி வந்தது. ஈடன் பார்க்கில் தென்னாப்பிரிக்காவை 24-17 என்று வென்ற அணி, அடுத்த வாரம் வெலிங்டனில் 43-10 என்று தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசத்தில் தோற்றதும் அந்தக் காலத்தில்தான். அந்தத் தோல்விக்கு ஹாஃப்பேக் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்று ஹாஃப்பேக் என்பது பட்டியலை நிரப்பும் இடமன்று என்பதை அந்த இரண்டு வாரங்கள் அழுத்தமாகக் காட்டின.

'ரொய்கார்டுக்கு அடுத்துச் சிறந்தவர் யார்' என்று கேட்பதே விவாதத்தைத் திசை திருப்புகிறது என்பது என் கருத்து. ரொய்கார்டு ஐம்பது நிமிடம் ஓடியும் உதைத்தும் களைக்க வைத்த ஒரு தடுப்பு வரிசையின் முன்னால், அவரைப் போன்றே இன்னொருவரை அவரைவிடச் சற்றுக் குறைந்த தரத்தில் இறக்குவதால் பெரிய பயன் இல்லை. அப்போது வேண்டியது பந்தை முன்னைவிட விரைவாக நகர்த்துபவர். அந்த வகையில் நான் ரதிமாவையே 21-ஆம் எண்ணுக்குத் தேர்வேன். ரக்குக்கும் ரக்குக்கும் இடையே அவர் ஓடும் வேகமும், நின்று யோசிக்காமல் அனுப்பும் பாஸும் கடைசி அரை மணி நேரத்துக்கென்றே அமைந்தவை. வயதில் இளையவரான ஹோத்தம் அதே வழியில் வளர்பவர். மூன்றாவது இடம் அவருக்கு உரியது. பிரெஸ்டன் 2025 பிப்ரவரியில் தம் முதல் சூப்பர் ரக்பி ஆட்டத்திலேயே ஹரிகேன்ஸுக்கு எதிராக மூன்று டிரைகள் போட்டவர். அந்த மூன்று டிரைகளை மட்டும் சுருக்கக் காணொளியில் பார்த்தவர்கள் அவரை உடனே பெஞ்சுக்கு அனுப்பச் சொல்வது இயல்பே. டெஸ்ட் ஆட்டத்தின் அழுத்தத்தில் அவருடைய பாஸும் உதையும் எப்படி நிற்கின்றன என்பதற்கு இன்னும் கூடுதலான ஆட்டங்கள் வேண்டும்.

கிறிஸ்டிக்கு ஆதரவாக வைக்கப்படும் வாதத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. 2024 இறுதியிலிருந்து, உயர உதைத்த பந்தைத் துரத்தி வருபவர்களின் பாதையை மறிக்கும் வழக்கத்தை நடுவர்கள் கண்டிப்புடன் தடுக்கத் தொடங்கியதால், ரக்கின் பின்னாலிருந்து அடிக்கும் பாக்ஸ் கிக்கின் மதிப்பு வெகுவாகக் கூடிவிட்டது. நடுவர் எடுத்து ஆடச் சொன்னதிலிருந்து ஐந்து நொடிக்குள் அந்த உதையை அளந்து அடிக்க வேண்டும். பந்து உயரமாகவும் இருக்க வேண்டும், தன் பக்கத்து ஆட்டக்காரர் எட்டிப் பிடிக்கும் தொலைவுக்குள்ளும் விழ வேண்டும். கிறிஸ்டியின் உதையும் தடுப்பும் நம்பகமானவை. மழையில் நடக்கும் ஒரு காலிறுதியில், மூன்று புள்ளி முன்னிலையோடு கடைசிப் பத்து நிமிடத்துக்கு யாரை இறக்குவது என்று கேட்டால், என் பதில் அவராகவே இருக்கும். ஆயினும் அந்த ஒரு சூழலுக்காக மற்ற ஆட்டங்கள் அனைத்திலும் வேகத்தை விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவைப் பின்பற்றி ஏழுக்கு ஒன்று என்ற பெஞ்சை ஆல் பிளாக்ஸும் முயல வேண்டும் என்று சிலர் கூறுகிறார்கள். முயல்வதானால் அந்த ஒருவர் ஹாஃப்பேக்காகவே இருக்க வேண்டும். 2025 மார்ச் 8 அன்று டப்ளினில் பிரான்ஸ் அதே ஏற்பாட்டுடன் இறங்கியபோது, முதல் பாதியிலேயே அதன் ஹாஃப்பேக் ஆன்டுவான் டுபோன் முழங்கால் காயத்துடன் வெளியேறினார். பெஞ்சில் இருந்த ஒரே பின்வரிசைக்காரர் ஹாஃப்பேக் மாக்சிம் லூக்கு என்பதால் ஆட்டம் சிதறவில்லை. பின்பு நடுவரிசையில் இன்னொருவரும் வெளியேற, முன்வரிசைக்காரர்களில் ஒருவரான ஃபிளாங்கர் ஆஸ்கார் ஜெகு அந்த இடத்தில் ஆடினார். அப்படியும் பிரான்ஸ் 42-27 என்று வென்றது. ஒரு ஃபிளாங்கரை நடுவரிசையில் நிறுத்திச் சமாளிக்க முடிந்தது. அதே ஃபிளாங்கரை ரக்கின் பின்னால் நிறுத்தியிருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கியிருக்காது.

இச்சேவையின் எல்லையும் இங்கேதான் தென்படுகிறது. டப்ளின் ஆட்டம் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியைச் சேர்ந்தது. ரதிமாவும் ஹோத்தமும் வாரந்தோறும் ஆடுவது சூப்பர் ரக்பியில். இவற்றின் உரிமங்கள் வெவ்வேறு ஒளிபரப்பு நிறுவனங்களிடம் இருப்பதால், உலகக் கோப்பைக் காப்பகத்தை எவ்வளவு துருவினாலும் இன்றைய போட்டியாளர்களைப் பற்றிய முழுச் சித்திரம் கிடைக்காது. ஹாஃப்பேக்கின் வேலையை எப்படிப் பார்ப்பது என்பதை இச்சேவை நன்றாகவே கற்றுத்தருகிறது. யாரைத் தேர்வது என்பதற்கு வேறு சந்தாவும் தேவைப்படும். இன்னொரு குறை தொலைக்காட்சி ஒளிபரப்புக்கே பொதுவானது. கேமரா பந்தின் பின்னால் போவதால், அடுத்த ரக்குக்கு ஹாஃப்பேக் எந்த வழியாக ஓடி வந்தார் என்பது பல சமயம் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. பக்கவாட்டு அகலக் கோணக் காட்சி தனியாகக் கிடைத்தால் அதற்குக் கட்டணம் செலுத்தவும் நான் தயங்க மாட்டேன்.

கட்டணமில்லாத சேவை என்ற அளவில் ரக்பிபாஸ் டிவியை, ரக்பியை ஆழமாகப் பின்தொடர நினைக்கும் எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். 2027 அக்டோபர் 1 அன்று 24 அணிகளுடன் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை தொடங்குவதற்கு முன், 2011, 2023 ஆகிய இரண்டு இறுதி ஆட்டங்களையும் ஐம்பதாவது நிமிடத்திலிருந்து முடிவுவரை, பந்தை விட்டுவிட்டு 9-ஆம் எண்ணையும் அவருக்குப் பதிலாக வருபவரையும் மட்டுமே கவனித்துப் பாருங்கள். அதன் பிறகும் கிறிஸ்டியே பெஞ்சில் இருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால், அவரோடு பேசுவதற்கு நிறையவே இருக்கும்.