எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில்: மாடித்தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் "நூறு சதவீதம் இயற்கை, எல்லாப் பூச்சிக்கும் எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில்" என்று ஒரு பூச்சிவிரட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கால் லிட்டர் 450 ரூபாய், கூரியர் தனி. நானும் வாங்கினேன். செடிகளில் பாதி கருகிவிட்டன. செடிகளுக்குக் காவலாக இருந்த நல்ல பூச்சிகள் மொத்தமாகப் போய்விட்டன.

கோவையில் எங்கள் மாடியில் அப்போது மூன்று தொல்லை. செம்பருத்திக் கொழுந்தில் மாவுப்பூச்சி, மிளகாயில் இலைச்சுருட்டு, வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சள். மூன்றையும் படமெடுத்து அந்த விற்பனையாளருக்கு அனுப்பினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. உடனே குரல்பதிவு வந்தது: "அக்கா, பயப்படாதீங்க. மூணுக்கும் நம்ம பாட்டில் ஒண்ணே போதுங்க. சுத்தமான மூலிகைங்க, குழந்தை தெரியாம குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

முதலில் வெண்டையை எடுத்துக்கொள்வோம். நரம்பு மட்டும் மஞ்சளாகி, பிறகு இலை முழுக்க வெளிறி, காயும் வெளுத்துச் சிறுத்துப்போனால் அது மஞ்சள் நரம்புத் தேமல், வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடியைக் குணமாக்க மூலிகையும் கிடையாது, ரசாயனமும் கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மற்றச் செடிகளுக்குப் பரவாமல் வெள்ளை ஈயைக் குறைக்க வேண்டும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை தொங்கவிடலாம், அடுத்த முறை நோய் தாங்கும் ரகமாகப் பார்த்து விதைக்கலாம். அவ்வளவுதான். தேமலைக் குணப்படுத்துவேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் இலைச்சுருட்டு அப்படி இல்லை. அதற்குக் காரணம் பல. இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி வளைந்தால் பெரும்பாலும் இலைச்சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்தி. வீட்டுச் சிலந்தி இல்லை, இலைச்சாற்றை உறிஞ்சும் மிகப் பொடியான உயிரி. இலை பொடிசாகிக் கொத்துக்கொத்தாக நின்றால் வைரஸாகவும் இருக்கலாம். பேனுக்குக் கேட்கிற மருந்தெல்லாம் சிலந்திக்குக் கேட்காது. சிலந்திக்கு நனையும் கந்தகத் தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் காலையிலோ மாலையிலோ தெளிப்பார்கள். இலையைத் திருப்பிக்கூடக் காட்டச் சொல்லாமல் மருந்து சொல்கிறவர் வைத்தியம் பார்க்கவில்லை, வியாபாரம் பார்க்கிறார்.

எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சல் செம்பருத்தியில்தான். நான் அனுப்பிய படத்தில் வெள்ளை நூல் நூலாக, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. "இதுதாங்க தாய்ப்பூச்சி, இதைத்தான் முதல்ல அடிக்கணும்" என்றார் விற்பனையாளர். அது மாவுப்பூச்சியே இல்லை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது, 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மேலே மெழுகு நூல் நீளமாகத் தொங்கும், மாவுப்பூச்சியைவிட வேகமாக நகரும். அப்படி ஒன்றைக் கண்டால் எதையும் தெளிக்காதீர்கள். 2008-இல் இதே கோவைப் பக்கம்தான் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை வாட்டியது. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான், அதாவது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவிகள்தான் அடக்கின. இவ்வளவு நடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நன்மை செய்யும் பூச்சியை "தாய்ப்பூச்சி" என்கிறார் ஒருவர்.

பாட்டில் வந்தது. பச்சை இலைப் படம் போட்ட ஸ்டிக்கர், ஒரு போன் நம்பர், கொட்டை எழுத்தில் "பயிர் ஊக்கி". உள்ளே என்ன இருக்கிறது என்று இல்லை. திறந்தால் வேப்பெண்ணெய் வாசனைக்கு அடியில் தின்னர் நெடி. சொன்ன அளவில், ஒரு மூடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தோம். விடிந்து பார்த்தால் மாவுப்பூச்சி செத்துக் கிடந்தது உண்மை. கூடவே பொறிவண்டு, அதன் புழு, துளசிப் பூவுக்கு வரும் தேனீக்கள் எல்லாம் தரையில். தெளித்த என் தங்கைக்கு அன்று முழுக்கக் கண் எரிச்சல். பக்கத்துத் தொட்டிகளில் இருந்த கீரை மொத்தத்தையும் பிடுங்கிக் குப்பைக்கு அனுப்பினோம், உரக்குழியில்கூடப் போடவில்லை. அடுத்த வாரம் அவரையிலும் பாகலிலும் இலை ஓரம் கருகியது. அதற்குப் பிறகு கத்தரியில் செஞ்சிலந்தி வலை கட்டியது. தின்ன ஆளில்லாமல் மாவுப்பூச்சியும் திரும்பி வந்தது.

வேப்பம் பொருள் இப்படி ராத்திரியோடு ராத்திரியாகக் கொல்லாது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். பலன் தெரியச் சில நாள் ஆகும். ஒரே இரவில் கண்ணில் பட்டதெல்லாம் சாகிறதென்றால், அந்த பாட்டிலில் வேம்பு மட்டும் இல்லை.

விற்றவரிடம் சொன்னேன். முதலில் "வெயில் அதிகம்க்கா" என்றார். பிறகு "டோஸ் கூடிருச்சுங்க". பணம் கேட்டதும் பிளாக்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன்படி பூச்சிமருந்தாக விற்கும் எதற்கும் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் வேண்டும். உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், நச்சு முறிவு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். வைர வடிவக் கட்டத்தின் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டே வரும். முறையாகப் பதிவான வேப்பம் மருந்திலும் அந்தக் கட்டம் உண்டு, அசாடிராக்டின் 300 பிபிஎம், 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று அளவும் போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் பூச்சிமருந்து, ஸ்டிக்கரில் "பயிர் ஊக்கி" என்றால் அது இந்தச் சட்டத்திலிருந்து நழுவும் வேலை. ஆன்லைனில் விற்பவருக்கும் உரிமம் தேவை.

இப்போது நாங்கள் செய்வது பழைய வழிதான். மாவுப்பூச்சி அப்பிய கொழுந்தை வெட்டி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறோம், மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிறோம். எறும்பைத் தடுப்பது முக்கியம். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீரான தேன்துளிக்காக அதற்குக் காவல் நிற்பதே எறும்புதான். தேவைப்பட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கிறோம். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். என்ன பூச்சி என்று பிடிபடாவிட்டால் 1800-180-1551-க்கு அழையுங்கள். கிசான் கால் சென்டர், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விற்றவரின் முகவரி கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் காலி பாட்டிலும். உங்களுக்கும் இப்படி ஒன்று வந்திருந்தால் கூரியர் கவரைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள், அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கும். மீதி மருந்தைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மூடியை இறுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அப்படியே வேளாண்மை அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள்.